நஜீமாக்காவின் ஒற்றைத் தோட்டா ரைஃபிள்

நஜீமாக்கா இடது கைக்காரர். சாப்பிடுவதும் அடுத்தவருக்கு எதையாவது கொடுப்பதும் மட்டும் வலது கையில். அது சின்ன வயதில் வீட்டில் பழக்கியது. எழுதுவது, கத்தரிக்கோல் பிடிப்பது, லேபில் பிப்பெட் பிடிப்பது எல்லாம் இடது கைதான். மத்திய ஜெர்சியில் ஒரு மருந்துக் கம்பெனியின் தரக்கட்டுப்பாட்டு லேபில் நானும் அவரும் பக்கத்துப் பக்கத்து மேஜையில் வேலை பார்த்தோம். நான் வலது கை. என் வலப்புறம் உட்கார்ந்திருந்த அவர் இடது கை. முதல் வாரம் முழுக்க எங்கள் முழங்கைகள் முட்டிக்கொண்டே இருந்தன. "சாரி" சொல்லிச் சொல்லியே சிநேகிதிகளானோம்.

என் பேர் ஜெபராணி. பாளையங்கோட்டைக்காரி. கணவர் சுவிசேஷமுத்துவுக்கு சாஃப்ட்வேர் வேலை. நஜீமாக்கா சென்னை மண்ணடியில் வளர்ந்தவர், என்னைவிட எட்டு வயது மூத்தவர். அவர் கணவர் நூர் முகம்மது அண்ணன் தினமும் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கிலிருந்து பஸ் பிடித்து நியூயார்க்குக்கு வேலைக்குப் போய்வருவார். மகள் ரிதா ஹைஸ்கூலில் படித்துக்கொண்டிருந்தாள். நாங்களும் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கிலேயே இருந்ததால் நானும் அக்காவும் ஒரு வாரம் என் கார், ஒரு வாரம் அவர் கார் என்று சேர்ந்தே வேலைக்குப் போவோம்.

2005 மே மாதம் லேபில் எங்களோடு வேலை பார்த்த டோனா என்ற அமெரிக்கப் பெண் சாப்பாட்டு அறைச் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டினாள். அவள் உறுப்பினராக இருந்த ரைஃபிள் கிளப்பில் பெண்களுக்கு மட்டும் ஒரு சனிக்கிழமை இலவசமாகச் சுட்டுப் பார்க்கலாம். துப்பாக்கி, தோட்டா, காதுக்கு மூடி எல்லாம் அவர்களே தருவார்கள். நான் அதைப் படித்துவிட்டு மைக்ரோவேவ் பக்கம் போய்விட்டேன். நஜீமாக்கா நோட்டீஸ் முன்னால் நின்றவர் நகரவில்லை.

"ஜெபா, சனிக்கிழமை ஃப்ரீயா?"

"எதுக்குக்கா?"

"சும்மா. போய்ப் பாத்துட்டு வரலாம்."

போனோம். ஒரு மணி நேர டிரைவ். மரங்களுக்கு நடுவே நீளமான ஒரு கொட்டகை, வரிசையாக மேஜைகள், எதிரே வெட்டவெளி, அதன் கோடியில் மண்மேடு. மண்மேட்டுக்கு முன்னால் காகிதத்தில் அச்சடித்த வட்டங்கள். டோனா அக்காவை உட்கார வைத்தவுடன் துப்பாக்கியைக் கொடுக்கவில்லை. இரண்டு கையையும் முன்னால் நீட்டி, உள்ளங்கைகளுக்கு நடுவே ஒரு சின்ன ஓட்டை வைத்து, அதன் வழியாகத் தூரத்துக் கம்பம் ஒன்றைப் பார்க்கச் சொன்னாள். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடச் சொன்னாள். அக்கா வலது கண்ணை மூடினார். கம்பம் அப்படியே இருந்தது. இடது கண்ணை மூடினார். கம்பம் மறைந்துவிட்டது.

"உன் கை மட்டும் இல்லை, கண்ணும் இடதுதான்," என்று டோனா சொன்னாள்.

அவள் கொடுத்தது நடுவில் மடித்துத் திறக்கும் சின்ன ரைஃபிள். ஒரு தடவைக்கு ஒரு தோட்டாதான். அக்கா அதை இடது தோளில் வைத்து, மணல் மூட்டைமேல் தாங்கிக்கொண்டு, நிதானமாக ஐந்து தடவை சுட்டார். காகிதத்தை எடுத்து வந்தார்கள். ஐந்தும் அதில் இருந்தன. மூன்று நடுக் கறுப்பு வட்டத்துக்குள். அக்கா அந்த ஓட்டைகளை விரலால் தடவிப் பார்த்தார்.

திரும்பி வரும்போதுதான் சொன்னார். காலேஜில் இரண்டு வருடம் என்.சி.சி.யில் இருந்தாராம். ஆவடிப் பக்கம் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்கு வேனில் கூட்டிப் போவார்களாம். எல்லோரும் வலது தோளில்தான் வைக்க வேண்டும் என்பது ஹவில்தாரின் உத்தரவு. அக்காவின் காகிதம் ஒவ்வொரு தடவையும் புதுக் காகிதமாகவே திரும்பி வந்திருக்கிறது. கூட இருந்த பெண்கள் அதை அடுத்த தடவைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று சிரிப்பார்களாம்.

"எனக்குக் கை நடுங்குது, எனக்கு இது வராதுன்னே இருபது வருஷத்துக்கு மேல நினைச்சிட்டு இருந்தேன் ஜெபா. கண்ணுதான் காரணம்னு யாருமே சொல்லல." காரின் கண்ணாடியை இறக்கிக் காற்றை வாங்கிக்கொண்டார். "எனக்கு ஒண்ணு வாங்கணும்."

ஜெர்சியில் ரைஃபிள் வாங்க முதலில் போலீஸ் ஸ்டேஷனில் ஓர் அடையாள அட்டைக்கு அப்ளை பண்ண வேண்டும். கைரேகை கொடுக்க வேண்டும். சொந்தக்காரர் அல்லாத இரண்டு பேரின் பெயரைக் கொடுக்க வேண்டும். அவர்களுக்கு ஸ்டேஷனிலிருந்து ஒரு படிவம் வரும். அவர்கள் இவரைப் பற்றி எழுதி அனுப்பிய பிறகுதான் அட்டை. அக்கா இதையெல்லாம் விசாரித்து வைத்துக்கொண்டு வீட்டில் சொன்ன அன்று நானும் அங்கே இருந்தேன்.

நூர் அண்ணன் டீ டம்ளரைக் கீழே வைத்தார். அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். 2001-க்குப் பிறகு ஒவ்வொரு தடவை விமானத்தில் போகும்போதும் அவரைத் தனியே கூப்பிட்டு உட்கார வைப்பார்கள். முன்பெல்லாம் ஹட்சன் ஆற்றையும் பாலங்களையும் படம் பிடித்துக்கொண்டு திரிந்தவர், கேமராவை அலமாரிக்குள் வைத்துவிட்டார்.

"நஜீ, ஆயிரம் ஹாபி இருக்கு. பெயிண்டிங் பண்ணு. தோட்டம் போடு. நம்ம பேரை வச்சுக்கிட்டு நாமளே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் துப்பாக்கி வேணும்னு கேக்கறதா?"

"கேட்டா என்ன? சிட்டிசன்தானே? சட்டப்படிதானே கேக்கறேன். ஒளிச்சு மறைச்சா வாங்கறேன்?"

"சட்டமெல்லாம் சரி. ஏதாவது லிஸ்ட்ல பேர் ஏறிடுமே."

"எந்த லிஸ்ட்?"

"அது தெரிஞ்சா நான் ஏன் பயப்படறேன்?"

அக்கா விடவில்லை. இரண்டு மூன்று வாரம் பேசிப் பேசி, கடைசியில் அண்ணன் இரண்டு நிபந்தனை சொன்னார். பூட்டுப் போட்ட இரும்புப் பெட்டியில்தான் இருக்க வேண்டும். அதில் தோட்டா இல்லை என்பது ஒன்றும் தெரியாத தனக்கும் பார்த்தவுடன் புரிய வேண்டும். இரண்டாவது நிபந்தனைக்கு அக்காவிடம் பதில் தயாராக இருந்தது. ஒரே தோட்டா போடும் ரைஃபிளைத் திறந்தால் உள்ளே இருக்கிறதா இல்லையா என்பது கண்ணுக்கு நேரே தெரிந்துவிடும். வேறு எங்கேயும் ஒளிந்திருக்க இடமில்லை.

ரிதாவிடமும் கேட்டார்கள். "ஓகே, பட் நாட் இன் மை க்ளாசெட்," என்றாள் அவள். தன் துணி அலமாரியில் மட்டும் வைக்கக் கூடாதாம்.

ஜூன் மாதம் அக்கா அப்ளை பண்ணினார். ஒரு பெயர் டோனா. இன்னொன்றுக்கு என்னைக் கேட்டார்.

"உன் பேரைப் போடட்டுமா ஜெபா? கஷ்டம்னா சொல்லிடு."

"இதுக்கெல்லாம் கேக்கணுமாக்கா? போடுங்க."

அப்போது மனதாரத்தான் சொன்னேன்.

இரண்டு வாரம் கழித்து ஸ்டேஷனிலிருந்து கவர் வந்தது. ஒரே பக்கம். எத்தனை வருடமாகத் தெரியும், குடிப்பழக்கம் உண்டா, கோபக்காரரா, இவர் கையில் துப்பாக்கி இருந்தால் யாருக்காவது ஆபத்து வரும் என்று நினைக்கிறீர்களா, இப்படிச் சில கேள்விகள். கீழே என் பெயர், விலாசம், கையெழுத்து. சுவிசேஷமுத்து அதை இரண்டு தடவை படித்தார்.

"நம்ம கிரீன் கார்டு எந்த ஸ்டேஜ்ல இருக்குன்னு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"நஜீமாக்கா தங்கமானவங்க, நான் இல்லேன்னு சொல்லல. ஆனா நாளைக்கு யாராவது இதை எடுத்து வச்சுக்கிட்டு, இந்த முகம்மது குடும்பத்துக்குத் துப்பாக்கி வாங்க நீதானே கையெழுத்துப் போட்டேன்னு கேட்டா? ஏழு வருஷம் காத்திருந்து கடைசில இதுல மாட்டிக்கணுமா? கொஞ்ச நாள் போகட்டும் ஜெபா. கார்டு வந்ததும் அனுப்பிடலாம்."

அவர் மேல் பழி போட எனக்கு மனமில்லை. அவர் சொன்ன அத்தனையும் கவரைப் பிரிக்கும்போதே என் மனதுக்குள் ஓடியதுதான். படிவத்தைச் சமையலறை டிராயரில், பீட்சா கூப்பன்களுக்கு அடியில் வைத்தேன். ஒரு வாரம் கழித்துப் பார்க்கலாம் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு வாரம் மூன்று மாதமானது.

அந்த மூன்று மாதமும் நஜீமாக்கா மதியச் சாப்பாட்டு நேரத்தில் ரைஃபிள் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார். கடைகளின் கேட்டலாக்குகளை வாங்கி வந்து நோட்டுப் புத்தகத்தில் மூன்று பத்தி போட்டார். லேப் ரிப்போர்ட் எழுதுகிற அதே கையெழுத்து. முதல் பத்தியில், டோனா கொடுத்தது மாதிரி நடுவில் மடிகிற ரைஃபிள். இடம் வலம் கிடையாது, எளிமை, எடை குறைவு. இரண்டாவது பத்தியில், அடியில் ஒரு லீவரை இழுத்தால் திறக்கிற பழங்கால மாதிரி. அதிலும் இடம் வலம் இல்லை. வால்நட் மரமும் பித்தளையுமாகக் கொள்ளை அழகு. மூன்றாவதில் பக்கவாட்டில் தாழ்ப்பாள் மாதிரி ஒரு பிடி. அதைத் தூக்கி இழுத்துத் திறக்க வேண்டும். போல்ட் என்பார்கள். அது பெரும்பாலும் வலது பக்கம்தான் இருக்கும். இடது பக்கம் வைத்தது அபூர்வம். அந்தப் பத்திக்குக் கீழே 'கிடைக்குமா?' என்று எழுதியிருந்தார்.

"ரெண்டாவதைப் பாரேன் ஜெபா. என்ன அழகு," என்று படத்தைக் காட்டுவார். நான் தயிர்ச் சாதத்தைக் கிளறிக்கொண்டே "நல்லாருக்குக்கா" என்பேன்.

ஒரு மாதத்துக்குள் அட்டை வந்துவிடும் என்று டோனா சொல்லியிருந்தாள். ஜூலை போனது. ஆகஸ்ட் போனது. காரில் ஏறினதும் அக்கா, "இன்னும் வரல," என்பார். நான் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டுவேன். ஸ்டேஷனுக்கு ஒரு போன் போட்டுக் கேட்கலாம் என்று அக்கா சொன்னபோது நூர் அண்ணன் தடுத்துவிட்டார். கேட்காமல் இருக்கும்போதே இப்படி, கேட்டால் இன்னும் துருவுவார்கள் என்பது அவர் எண்ணம். தபாலை எடுக்க அவரே முதலில் ஓடினார். வீட்டெதிரே ஒரு வெள்ளை வேன் இரண்டு நாள் நின்றதைப் பார்த்து அதன் நம்பரைக் குறித்து வைத்தார். அது பக்கத்து வீட்டுக்குக் கேபிள் மாட்ட வந்த வேன். ஊரிலிருந்து தம்பி போனில் சத்தமாகப் பேசினால், "மெதுவாப் பேசு," என்பாராம். ராத்திரி சரியாகத் தூங்குவதில்லை என்று அக்கா சொன்னார்.

இதையெல்லாம் அவர் என்னிடமே சொல்லிக்கொண்டிருந்தார். நான் வீட்டுக்கு வந்து டிராயரைத் திறப்பேன். ஒரு நாள் பேனாவை எடுத்து என் பெயரையும் விலாசத்தையும் எழுதிவிட்டேன். 'இவர் கையில் துப்பாக்கி இருந்தால்' என்ற கேள்வி வந்ததும் என் பிள்ளைகளின் ஸ்கூல் பஸ் சத்தம் கேட்டது. திரும்பவும் மூடி வைத்தேன்.

செப்டம்பர் கடைசியில் ஒரு வியாழக்கிழமை. அன்றைக்கு என் கார். ரூட் 18-ல் சிக்னலுக்காக நின்றுகொண்டிருந்தோம்.

"நாளைக்கு நான் லீவு ஜெபா," என்றார் அக்கா. "ஸ்டேஷனுக்குப் போய் எனக்கு வேணாம்னு எழுதிக் கொடுத்துட்டு வந்துடறேன். அவரைப் பாக்க முடியல. எங்க பேராலதான் நிறுத்தி வச்சிருக்காங்கன்னு முடிவே பண்ணிட்டார். எனக்கும் அப்படித்தான் தோணுது. ஒரு விளையாட்டுக்காக மனுஷனை இப்படி வதைக்கணுமா?"

சிக்னல் விழுந்தது. என்னால் ஓட்ட முடியவில்லை. முதலில் தெரிந்த டோனட் கடையின் பார்க்கிங்கில் திருப்பி நிறுத்தினேன்.

"அக்கா, அவங்க உங்களை நிறுத்தி வைக்கல. என் படிவம் போகல. ஜூன் மாசமே வந்துடுச்சு. வீட்டு டிராயர்லதான் இருக்கு. கிரீன் கார்டுக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயந்துட்டேன்."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். முகத்தில் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

"அப்ப எங்க பேரால இல்லையா?"

"இல்லக்கா."

"போலீஸ்காரங்க ஒண்ணும் சொல்லலையா?"

"அவங்க என் பதிலுக்காகக் காத்திருப்பாங்க. அவ்வளவுதான்."

அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். கையை எடுத்தபோது கண்ணில் தண்ணீர் இருந்தது, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தார். "அல்ஹம்துலில்லாஹ்," என்று மெதுவாகச் சொன்னார். "வெறும் டிராயரா."

கண்ணைத் துடைத்துக்கொண்டதும் அவர் குரல் மாறியது. "ஜூன்லயே முடியாதுன்னு சொல்லியிருந்தா வேற ஆளைப் போட்டிருப்பேன் ஜெபா. தினம் பக்கத்துல உக்காந்து கேட்டுட்டே வந்தியே."

நான் எஞ்சினை அணைத்தேன்.

"இப்பவும் கட்டாயம் இல்ல. எழுதறதா இருந்தா உண்மையை எழுது. மாட்டேன்னா இன்னைக்கே சொல்லிடு."

அன்று மாலை சுவிசேஷமுத்து வீட்டுக்கு வருமுன்பே படிவத்தை எழுதி முடித்துத் தபாலில் போட்டுவிட்டேன். கோபக்காரரா என்ற கேள்விக்கு, கோபப்பட எல்லா நியாயமும் இருந்த ஒரு நாளில் அவர் கோபப்படவில்லை, நான் பக்கத்தில் இருந்தேன் என்று எழுதினேன். விஷயத்தைச் சொன்னதும் சுவிசேஷமுத்து சட்டையைக்கூட மாற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். "நல்லதாப் போச்சு," என்றார் பிறகு. "எனக்கும் அந்த டிராயரைத் திறக்கறதுக்கே பயமா இருந்துச்சு."

அடுத்த திங்கட்கிழமை அக்கா தன் காரில் தனியாக வந்தார். செவ்வாயும் அப்படியே. லேபில் முழங்கை இடித்தபோது இருவருமே சாரி சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை மாலை நூர் அண்ணன் போன் பண்ணினார்.

"ஜெபராணி, நீங்க செஞ்சது எனக்கு வருத்தம்தான். மறைக்கல. ஆனா பயம்னா என்னன்னு எனக்குத் தெரியாததா? மூணு மாசமா நான் தூங்கலம்மா. வியாழக்கிழமை சாயங்காலம் நஜீ வந்து சொன்னா. சோபாவுல சாஞ்சவன்தான், மறுநாள் காலையில எட்டு மணிக்கு எழுந்தேன். பஸ்ஸை விட்டுட்டேன்."

புதன்கிழமை காலை ஏழரைக்கு எங்கள் வாசலில் அக்காவின் கார் ஹாரன் கேட்டது.

அதே வாரம் ஸ்டேஷனிலிருந்து ஒரு துப்பறியும் அதிகாரி எனக்குப் போன் பண்ணினார். ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டார். கிரீன் கார்டு நிலுவையில் இருக்கிறது, பயந்துவிட்டேன் என்று உள்ளதைச் சொன்னேன். இதற்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, இதை நாங்கள் யாருக்கும் அனுப்புவதில்லை என்றார். அப்புறம், அந்தப் பெண்மணியை எனக்குப் பிடிக்கும், கைரேகை எடுக்க வந்த அன்று எங்கள் பிரிண்டரைச் சரி செய்து கொடுத்தார் என்றார். அக்கா இதை யாரிடமும் சொன்னதே இல்லை.

அக்டோபர் நடுவில் அட்டை வந்தது.

கடைக்கு மூன்று பேரும் போனோம். நூர் அண்ணன் தானாகவே கிளம்பி வந்தார். பெரிய கடை. ஒரு பக்கம் தூண்டில்கள், குளிர்காலக் கோட்டுகள். மறு பக்கம் கண்ணாடி மேஜைக்குப் பின்னால் ரைஃபிள்கள். தலையில் முக்காடு போட்ட ஒரு பெண் நேராக அங்கே நடந்து போனதும் நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன் தூண்டில் பக்கமே நின்றுவிட்டார். கடைக்காரர் ராய் என்ற தடித்த மனிதர். அட்டையை வாங்கிப் பார்த்தார். பெயரைச் சரியாகச் சொல்கிறேனா என்று ஒரு தடவை கேட்டுக்கொண்டார். பிறகு வேலையை ஆரம்பித்தார்.

அக்கா நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, லீவர் வைத்த அழகு ரைஃபிளை முதலில் கேட்டார். ராய் எடுத்துக் கொடுத்தார். அக்காவின் உயரம் ஐந்தடி ஓரங்குலம். தோளில் வைத்ததும் துப்பாக்கி முன்பக்கம் சாய்ந்தது. கன்னத்தை மரத்தில் பதிக்கக் கழுத்தை நீட்ட வேண்டியிருந்தது.

"கண்ணை மூடிக்கொண்டு தோளில் வையுங்கள்," என்றார் ராய். "வசதியாக வைத்த பிறகு கண்ணைத் திறங்கள். குறிபார்க்கும் துளை உங்கள் கண்ணுக்கு நேரே இருந்தால் அது உங்கள் துப்பாக்கி. நீங்கள் தலையை நகர்த்தித் தேட வேண்டியிருந்தால் அது வேறு யாருடையதோ."

அக்கா ஒரு தடவையோடு விடவில்லை. பத்து தடவை செய்தார். துளை கண்ணுக்கு நேரே வந்த ஒவ்வொரு தடவைக்கும் நோட்டில் ஒரு கோடு போடச் சொல்லி என்னிடம் பேனாவைத் தந்தார். அழகு ரைஃபிளுக்குப் பத்தில் இரண்டு. படத்தில் இருந்த அழகு அப்படியேதான் இருந்தது, ஆனால் அக்கா அதைத் திருப்பிக் கொடுக்கும்போது வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

மடிகிற ரைஃபிளுக்குப் பத்தில் ஆறு. ராய் அதில் பிளாஸ்டிக் தோட்டா ஒன்றைப் போட்டு விசையை அழுத்திப் பார்க்கச் சொன்னார். விசை கல் மாதிரி இருந்தது. அக்கா விரலை அழுத்த, முனை மேலும் கீழும் ஆடியது. "டோனாவோடது இப்படி இல்லையே," என்றார். அது முப்பது வருடம் பழகிய துப்பாக்கியாக இருக்கும் என்றார் ராய்.

"இடது பக்கம் போல்ட் வைத்தது உண்டா? ஒற்றைத் தோட்டா?"

ராய் யோசித்தார். பத்து தோட்டா போடுவதில் இடது கைக்கு ஒன்று இருக்கிறது, விலையும் கிட்டத்தட்ட அதேதான், எல்லோரும் அதைத்தான் வாங்குகிறார்கள் என்றார்.

"ஒன்று போதும்," என்றார் அக்கா. "பத்து இருந்தால் முதல் ஒன்பதை நான் கவனமாகச் சுட மாட்டேன்."

ராய் சிரித்துவிட்டு உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் சாதாரணமாகத் தெரிந்த ஒரு ரைஃபிள். ஒருவர் தன் இடது கை மகளுக்காக ஆர்டர் பண்ணி வாங்கியதாம். ஒரு கோடைக்காலம் போனதும் அவளுக்கு சாக்கரில் ஆர்வம் வந்துவிட்டது, திருப்பி விற்றுவிட்டார்கள். சின்ன ஆளுக்கென்று மரம் கட்டையாக வெட்டப்பட்டிருந்தது. அடியில் நீளமாக ஒரு கீறல். போல்ட் இடது பக்கம்.

அக்கா கண்ணை மூடித் தோளில் வைத்தார். திறந்தார். நான் கோடு போட்டேன். மறுபடி. மறுபடி. பத்தில் ஒன்பது. பத்தாவது தடவை முக்காடு சறுக்கியதால் தவறியது, அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று நான் சொன்னதை அக்கா கேட்கவில்லை. விசை சின்ன அழுத்தத்துக்கே சுத்தமாக விழுந்தது, முனை அசையவில்லை. ஒரு டார்ச் கேட்டு வாங்கி, குழலுக்குள் துரு இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு போல்ட்டைத் திறந்தபடியே தூக்கிப் பிடித்து, "இங்க வாங்களேன்," என்று அண்ணனைக் கூப்பிட்டார்.

அண்ணன் வந்து எட்டிப் பார்த்தார்.

"உள்ள என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்லையே."

"தெரியுதுல்ல?"

"தெரியுது. அந்தப் பக்கம் வரைக்கும் தெரியுது."

பணம் கட்டுமுன் இன்னும் ஒரு படி இருந்தது. ராய் போனில் மாநிலப் போலீசைக் கூப்பிட்டு, அக்காவின் பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லி, வாங்கத் தடை ஏதும் இல்லையென்று உறுதி செய்ய வேண்டும். சொல்லிவிட்டுக் காத்திருந்தார். ஐந்து நிமிடம் ஆகலாம், ஐந்து நாளும் ஆகலாம் என்றார். அண்ணன் மறுபடி தூண்டில் பக்கம் போய்விட்டார். வேட்டைக்காரர்கள் போடும் பளீரென்ற ஆரஞ்சுத் தொப்பி ஒன்றைக் கையில் எடுத்தவர், அதன் விலைச்சீட்டையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தார். அக்கா நோட்டை மூடினார், திறந்தார். நான் கடைச் சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். பதினெட்டு நிமிடம்.

ராய் போனில் "தேங்க் யூ" என்று சொல்லிவிட்டு ஒரு நம்பரை எழுதிக்கொண்டார். நிமிர்ந்து பார்த்தார்.

"ஆல் செட்."

அவ்வளவுதான். அந்த இரண்டு வார்த்தைக்குப் பிறகு அண்ணன் விட்ட மூச்சு எனக்குக் கேட்டது. வெளியே வந்து காரில் பெட்டியை வைக்கும்போதுதான் கவனித்தோம், ஆரஞ்சுத் தொப்பி அவர் தலையில் இருந்தது. அதற்கும் பணம் கட்டியிருந்தார். "நல்லாருக்கா?" என்று கேட்டார். "கேவலமா இருக்கு," என்றார் அக்கா. அண்ணன் அதைக் கழற்றாமலே ஈஸ்ட் பிரன்ஸ்விக் வரை ஓட்டி வந்தார்.

நவம்பர் முதல் சனிக்கிழமை ரேஞ்சுக்குப் போனோம். புல்லெல்லாம் வெள்ளையாகப் பனி. முக்காட்டுக்கு மேல் காது மூடி சரியாக உட்காராததால் டோனா முதலில் காதுக்குள் பஞ்சு வைக்கச் சொன்னாள். அக்கா உட்கார்ந்து, ஒரு தோட்டாவை எடுத்து உள்ளே வைத்து, போல்ட்டை மூடினார். மூச்சை உள்ளே இழுத்துப் பாதியை விட்டார். சுட்டார். திறந்தார். காலித் தோட்டாவைத் தட்டில் போட்டார். அவசரமே இல்லை. ஐந்து சுட்டு முடிக்கக் கால் மணி நேரம் ஆனது. காகிதத்தை எடுத்து வந்தபோது ஐந்து ஓட்டையும் கறுப்புக்குள், ஒரு அரை டாலர் நாணயத்தால் மூடிவிடும் அளவுக்குள் இருந்தன. டோனா விசில் அடித்தாள். அக்கா அடுத்த காகிதத்தைக் கேட்டார்.

எனக்கும் ஒன்று சுடக் கொடுத்தார். போல்ட் எனக்குத் தப்பான பக்கம். தோள் மாறி வைத்துத் தடுமாறி, மண்மேட்டைத்தான் சுட்டேன்.

மதியம் திரும்பும்போது அண்ணன் வண்டியை இந்தியக் கடைகள் நிறைந்த ஐசலினுக்கு விட்டார். ஓக் ட்ரீ ரோட்டில் குமாரசாமி என்பவர் நடத்தும் சின்ன டிபன் கடையில் கூட்டம் நிரம்பி வழிந்தது. இடம் கிடைத்து உட்கார்ந்ததும் குமாரசாமியே தண்ணீர் கொண்டு வந்து வைத்தார்.

"என்ன பாய், காலையிலேயே எங்கயோ போய்ட்டு வர்ற மாதிரி இருக்கு?"

பொது இடத்தில் அண்ணன் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார். பக்கத்து மேஜையில் ஆள் இருந்தால் பேச்சையே நிறுத்திவிடுவார். அன்றைக்கு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, கடைக்கே கேட்கிற மாதிரி சொன்னார்.

"எங்க வீட்டம்மா ஷூட்டிங் போய்ட்டு வர்றாங்க."

குமாரசாமி அக்காவை ஏற இறங்கப் பார்த்தார். குரலில் மரியாதை கூடிவிட்டது.

"அப்படியா? எந்தப் படம்?"

பக்கத்து மேஜைக்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன் சிரிப்பை அடக்க முடியாமல் மேஜையைத் தட்டினார். அப்புறம் அது சினிமா இல்லை, ரைஃபிள், சொந்தமாக வாங்கியது, போலீசில் முறைப்படி அட்டை வாங்கியது, பத்து தோட்டா வேண்டாம் ஒன்றே போதும் என்று இவர்தான் கடைக்காரரிடம் சொன்னார் என்று முதலிலிருந்து கடைசிவரை எல்லோருக்கும் விளக்க ஆரம்பித்தார். நஜீமாக்கா அவரைப் பேசவிட்டார். நெய்த் தோசை வந்ததும், சூடு ஆறுவதற்குள் பாதியைப் பிய்த்து என் தட்டில் வைத்துவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார்.